பழைய கார் இன்ஜின்: அடையாளமும் பொருந்தும் பாகமும்

பழைய காருக்குப் பாகம் வாங்கப் போகிறவர் காரின் பெயரை மட்டும் சொன்னால் கடைக்காரரால் பாதி வேலைதான் செய்ய முடியும். அம்பாசடர் என்ற ஒரே பெயரில் 1950-களின் இறுதி முதல் 2014 மே மாதம் வரை வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையிலிருந்து வண்டிகள் வந்தன. அந்த இடைவெளியில் பானெட்டுக்குள் இருந்த இன்ஜின் பலமுறை மாறியது. போதாததற்கு, டாக்ஸியாக ஓடிய பல பெட்ரோல் அம்பாசடர்களில் பின்னாளில் மேட்டடார் டீசல் இன்ஜினோ இசுசு டீசல் இன்ஜினோ ஏறியது. மங்கலம், சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஷெட்டின் ஓரமாக ஆண்டுக்கணக்கில் நிற்கும் ஒரு வண்டியை மீண்டும் ஓட வைக்க நினைப்பவர், பாகத்தைத் தேடுவதற்கு முன் இன்ஜினை விசாரிக்க வேண்டும்.

விசாரணை மூன்று படிகளில் நடக்கிறது: இன்ஜின் எண்ணைப் படிப்பது, கண்ணால் பார்த்து இனத்தைப் பிரிப்பது, அளந்து உறுதி செய்வது. எண் அழிந்திருக்கலாம், தோற்றம் ஏமாற்றலாம். அளவு மட்டும் பொய் சொல்லாது. ஆனால் எதை அளப்பது என்று தெரிய வேண்டும்.

எண்ணைப் படித்தல்

ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண், சேசிஸ் எண், சி.சி. அளவு, எரிபொருள், தயாரித்த ஆண்டு எல்லாம் இருக்கும். திருப்பூர் வடக்கின் டி.என். 39, தெற்கின் டி.என். 42 என எந்த அலுவலகத்தில் பதிவான வண்டியாக இருந்தாலும், புத்தகத்தில் உள்ள எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதே முதல் வேலை.

பிளாக்கில் பல ஆண்டுகளின் எண்ணெயும் தூசியும் பஞ்சும் சேர்ந்து கெட்டியாகப் படிந்திருக்கும். கம்பி பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்கக் கூடாது. மேலாகக் குத்திய எண் அதோடு போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட்டைப் பத்து நிமிடம் அந்த இடத்தில் ஒட்டவைத்து, பிறகு துடைத்தால் அழுக்கு இளகி வரும். காய்ந்ததும் சாக்பீஸைக் குறுக்காகத் தேய்த்தால் பள்ளமான எண்களில் வெள்ளை தங்கி எழுத்து தெரியும். எஃப்.சி.-க்கும் இன்சூரன்ஸுக்கும் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தாளில் எடுப்பார்களே, அதே முறையில் இன்ஜின் எண்ணையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கடைக்குக் கொண்டுபோகவும் அது உதவும்.

எண் குத்திய பரப்பு மட்டும் சுற்றியுள்ள வார்ப்பைவிட வழவழப்பாக அரைக்கப்பட்டிருந்தாலோ, எண்கள் ஒரே வரிசையில் நிற்காமல் ஏறி இறங்கி இருந்தாலோ யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட இன்ஜினுக்குப் பாகம் தேடுவதற்கு முன் வண்டியின் காகிதங்களைத் தேட வேண்டும்.

அம்பாசடரில் வந்த, பிரிட்டனின் பி.எம்.சி. வழி இன்ஜின்களில் எண் ஒரு சிறு தகட்டில் குத்தப்பட்டு, பிளாக்கின் வலது பக்கம், டைனமோவுக்கு மேலே ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். தகடு கழன்று வேறு பிளாக்குக்கு மாறக்கூடியது. ஆகவே தகட்டை நம்புவதும் பிளாக்கை நம்புவதும் ஒன்றல்ல.

கண்ணால் இனம் பிரித்தல்

கொங்கு வட்டாரத்தில் எதிர்ப்படும் பழைய கார்கள் பெரும்பாலும் நான்கு குடும்பங்களுக்குள் அடங்கும்.

அம்பாசடர்தான் அதிகக் குழப்பம் தருவது. தொடக்க வண்டிகளில் 1476 சி.சி. சைடு வால்வு இன்ஜின் இருந்தது. வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் மேலே ராக்கர் கவர் கிடையாது. ஹெட் ஒரு தட்டையான மூடி மாதிரிதான் தெரியும். அதன்பின் வந்ததே பெரும்பாலோர் அம்பாசடர் இன்ஜின் என்று அறிந்த 1489 சி.சி. பி.எம்.சி. பி-சீரிஸ். தகட்டு ராக்கர் கவர், வலது பக்கம் பிளக்குகளும் டிஸ்ட்ரிபியூட்டரும் டைனமோவும், இடது பக்கம் கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் என்று இருக்கும். மேனிஃபோல்டைக் கழற்றினால் ஹெட்டில் ஒரே பக்கத்தில் ஐந்து துளைகள்: காற்றும் பெட்ரோலும் போக இரண்டு, புகை வர மூன்று. இந்த ஐந்து துளைதான் பி-சீரிஸின் முத்திரை. 1990-களில் 1817 சி.சி. இசுசு பெட்ரோல் இன்ஜின் வந்தது. அதில் கேம்ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே சுழலும். கியர்பாக்ஸும் ஐந்து கியர். அதே 1817 சி.சி. இன்ஜின் கான்டெஸாவிலும் உண்டு. ஆனால் 1984-இல் வந்த முதல் கான்டெஸாக்களில் இருந்தது பழைய 1489-தான். ஆகவே கான்டெஸா என்று சொன்னாலும் ஆண்டைக் கேட்காமல் பாகம் எடுக்க முடியாது.

இங்கே ஒரு பொறி உண்டு. அம்பாசடரின் பழைய பி.எம்.சி. டீசல் இன்ஜினும் 1489 சி.சி.-தான். ஆர்.சி.-யில் 1489 என்று பார்த்துவிட்டு பிஸ்டன் வாங்கப் போனால் பெட்ரோல் பிஸ்டனும் டீசல் பிஸ்டனும் ஒரே விட்டத்தில் கிடைக்கும். தலைப்பகுதியின் வடிவமும் அழுத்தத்தைத் தாங்கும் கனமும் வேறு. சி.சி.-யோடு எரிபொருளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வண்டியில் பார்த்துப் பிரிப்பது எளிது: டீசலில் பிளக் வயர் கிடையாது. அதற்குப் பதில் பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் கெட்டியான இரும்புக் குழாய்கள் இருக்கும்.

ஃபியட், பத்மினி என்று அழைக்கப்படும் பிரீமியர் வண்டியில் 1089 சி.சி. இன்ஜின். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் தொடங்கிய உடல் இது. 1970-களில் பிரெசிடென்ட், பத்மினி என்று பெயர் மாறியது. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இந்த ஒரு வேறுபாடே அம்பாசடரின் 1489-இலிருந்து அதைப் பிரித்துவிடும். வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைப்பவர்கள் இதில் பெயரை நம்பி ஏமாறுவதுண்டு. இத்தாலியில் 1100 டி என்று விற்ற காருக்கு 1221 சி.சி. இன்ஜின், சிலிண்டர் விட்டம் 72 மில்லிமீட்டர். இந்தியாவில் ஓடியதற்கு 68 மில்லிமீட்டர். இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 75-தான். அங்கே 1100 ஆர் என்று விற்றதே நம் ஊர் இன்ஜினின் அளவுக்கு ஒத்தது. இதே உடலில் பிற்காலத்தில் 1366 சி.சி. டீசலும் வந்தது. சதுரமான உடலோடு வந்த பிரீமியர் 118 என்.இ.-யில் இருப்பது நிசான் வழி வந்த 1171 சி.சி. இன்ஜின். அதற்கும் பத்மினிக்கும் இன்ஜின் பாகத்தில் உறவு இல்லை.

ஸ்டாண்டர்டு ஹெரால்டும் கேசலும் சென்னையை அடுத்த வண்டலூர் பக்கத்து ஆலையில் உருவானவை. இரண்டிலும் 948 சி.சி.; விட்டம் 63, ஸ்ட்ரோக் 76. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டின் முதல் இன்ஜின் இதுவேதான் என்பதால், இந்தியாவில் பாகம் அற்றுப்போனாலும் அங்குள்ள பழைய கார்க் கடைகளில் கிடைக்கும். பின்னாளில் இங்கிலாந்தில் வந்த 1147, 1296 சி.சி. ஹெரால்டுகளின் ஸ்ட்ரோக்கும் 76-தான் என்பதால் ஆர்டர் போடும்போது 948 என்று அழுத்திச் சொல்ல வேண்டும்.

மாருதியைப் பழைய கார் என்று சேர்க்கத் தயங்குவார்கள். ஆனால் 1983 டிசம்பரில் வந்த முதல் 800-க்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மூன்று சிலிண்டர், மூன்று பிளக், 796 சி.சி., எஃப்8பி என்று பெயர். இதே எஃப்8பி ஆம்னியிலும் உண்டு. பிஸ்டன், ரிங், வால்வு, பேரிங் போன்ற உள் உறுப்புகள் பெரும்பாலும் பொதுவானவை. ஆனால் 800-இல் இன்ஜின் குறுக்காக நின்று முன்சக்கரத்தை இழுக்கிறது. ஆம்னியில் நெடுக்காகச் சீட்டுக்கு அடியில் கிடந்து பின்சக்கரத்தைத் தள்ளுகிறது. அதனால் மவுண்டிங், மேனிஃபோல்டு, சம்ப் போன்ற வெளி உறுப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். பழைய ஜிப்ஸியும் மாருதி 1000-மும் 970 சி.சி., நான்கு சிலிண்டர் எஃப்10ஏ.

இரண்டு இன்ஜின்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழக விரும்புவோருக்குக் கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகம் நல்ல இடம். படத்தில் பார்ப்பதைவிட அங்கே நேரில் பார்ப்பது கண்ணைச் சீக்கிரம் பழக்கும்.

அளந்து உறுதி செய்தல்

ஹெட்டைக் கழற்றிய பிறகு இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும்: சிலிண்டரின் விட்டம், பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரமான ஸ்ட்ரோக். பிளக் துளை வழியாகக் கம்பியை விட்டு ஸ்ட்ரோக் எடுப்பதைச் சிலர் செய்வார்கள். பி-சீரிஸில் பிளக் சாய்வாக இருப்பதால் அந்த அளவு சரியாக வராது.

பி-சீரிஸ் 1489-இன் விட்டம் 73.025, ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். சைடு வால்வு 1476-க்கு 73.5, 87. இசுசு பெட்ரோலுக்கு 84, 82. இசுசு 1995 சி.சி. டீசலுக்கு 84, 90. மாருதி 796-க்கு 68.5, 72.

இரண்டில் ஸ்ட்ரோக்கையே நம்ப வேண்டும். விட்டம் மாறும், தேயும், போரிங் போட்டால் பெரிதாகும். ஸ்ட்ரோக் கிராங்கின் வடிவத்தோடு பிறந்தது, சாதாரண ரிப்பேரில் மாறாது. உதாரணமாக ஒரு பிளாக்கில் விட்டம் 74.04, ஸ்ட்ரோக் 88.9 என்று வந்தால் கணக்குப்படி 1531 சி.சி. ஆகும். அப்படி ஒரு அம்பாசடர் இன்ஜின் கிடையாது. அது நாற்பது போரிங் போட்ட 1489. அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு, 1.016 மில்லிமீட்டர் பெரிதாக்கப்பட்ட சிலிண்டர்.

கிராங்கிலும் இதே கதை எதிர்த்திசையில் நடக்கும். தேய்ந்த ஜர்னலை அரைக்கும்போது அது சிறிதாகிறது. பேரிங் கனமாக வேண்டும். 1489-இன் மெயின் ஜர்னல் 2 அங்குலம். மைக்ரோமீட்டரில் 1.980 என்று காட்டினால் அது இருபது அரைத்த கிராங்க், இருபது பேரிங்தான் உட்காரும். பழைய பேரிங்கின் முதுகில் 010, 020, 030 என்று குத்தியிருப்பதும் இதே கணக்குதான். ஆனால் அதைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது. முன்பு வேலை செய்தவர் போட்ட பேரிங் சரியான அளவா என்பது ஜர்னலை அளந்தால்தான் தெரியும். 1489-இல் மெயின் பேரிங் மூன்று. பின்னாளில் இங்கிலாந்தில் வந்த பி-சீரிஸ் 1798-களில், தொடக்க காலத்தவை தவிர, ஐந்து. செட் வாங்கும்போது இந்த எண்ணிக்கையும் ஒரு அடையாளம்.

மரையும் ஸ்பேனரும்

அம்பாசடர் பி.எம்.சி. இன்ஜின் அங்குல மரை. ஃபியட், மாருதி மில்லிமீட்டர் மரை. கலந்துவிட்டால் வரும் சேதம் பாகம் கிடைக்காததைவிட மோசம். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் போல்ட் கண்ணுக்கு அதேபோலத் தெரியும், ஓரிரு சுற்று உள்ளே போகவும் செய்யும். ஆனால் ஒன்றுக்கு அங்குலத்துக்கு 24 மரை, மற்றதற்கு 1.25 மில்லிமீட்டருக்கு ஒன்று. மூன்றாவது சுற்றில் ஸ்பேனரை அழுத்தினால் பிளாக்கின் மரை போய்விடும். அலுமினிய ஹெட்டில் இன்னும் விரைவாகப் போகும். கையால் கடைசி வரை திரும்பாத போல்ட்டை ஸ்பேனரால் திருப்பாதிருப்பதே விதி. மரை கேஜ் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் இந்தச் சந்தேகமே எழாது.

தலையின் அளவும் அப்படித்தான். அரை அங்குலத் தலை 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் போட்டால் சற்று ஆடும், மூலை உருண்டுவிடும். முக்கால் அங்குலத்துக்கு 19 ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்துகிறது என்பதால் எல்லாமே பொருந்தும் என்று நினைக்கக் கூடாது.

பிளக்கில் மரை விட்டம் 14 என்று ஒன்றாக இருந்தாலும் நீளம் அரை அங்குலம், முக்கால் அங்குலம் என இரண்டு உண்டு. நீளமானது பிஸ்டனில் இடிக்கலாம். குட்டையானதைப் போட்டால் உள்ளே மிஞ்சும் மரையில் கரி ஏறி, அடுத்த முறை சரியான பிளக்கே இறங்காது.

எங்கே தேடுவது

மாருதிக்குத் திருப்பூரிலேயே எல்லாம் கிடைக்கும். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் கோவையின் பழைய ஸ்பேர் கடைகளும், உக்கடம் பகுதியின் பழைய இரும்புக் கடைகளும் முதல் நிறுத்தம். அங்கே இல்லாதது சென்னைப் புதுப்பேட்டையில் இருக்கும். புதிய பாகத்துக்குச் சென்னை ஜி.பி. ரோடு. அம்பாசடருக்கென்றே தேடுபவர்கள் கொல்கத்தா மல்லிக் பஜார் வரை போகிறார்கள். அந்த ஊரில் மஞ்சள் டாக்ஸியாக அது ஓடிய காலம் நீண்டது. ஃபியட்டுக்கு அந்த இடம் மும்பைக்கு.

கடையில் கேட்கும் விதம் முக்கியம். 'அம்பாசடர் மெயின் பேரிங் இருக்கா?' என்றால் கிடைக்கும் பதில் 'எந்த அம்பாசடர்?' என்பதுதான். ஒரு தாளில் இப்படி எழுதிக்கொண்டு போகலாம்: அம்பாசடர், பி.எம்.சி. 1489, பெட்ரோல், மெயின் பேரிங் மூன்று, ஜர்னல் 1.980, இருபது வேண்டும். கூடவே கழற்றிய பழைய பேரிங்கும் பையில் இருக்கட்டும். பிஸ்டன், ரிங் என்றால் சிலிண்டர் அளவை லேத் பட்டறையில் போரிங் போடுவதற்கு முன்பே கேட்டறிந்து, கிடைக்கும் பிஸ்டனின் அளவுக்குப் போரிங் போட வேண்டும். முதலில் நாற்பது போட்டுவிட்டு நாற்பது பிஸ்டன் தேடி அலைவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் வீண் செலவு. நாற்பதையும் தாண்டித் தேய்ந்த பிளாக்குக்கு ஸ்லீவ் போட்டால் மீண்டும் ஸ்டாண்டர்டு அளவுக்கே வந்துவிடலாம்.

பழைய பாகங்களில் சிலவற்றுக்குத் தனி அடையாளம் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர் ஆகியவற்றில் லூகாஸ் தயாரிப்பானால் உடலிலேயே மாடலும் எண்ணும் குத்தியிருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் கார் எதுவென்று சொல்லவே தேவையில்லை.

திருப்பூர் வட்டாரத்துக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது கிடைக்காது. பால் பேரிங், ஆயில் சீல், ஓ-ரிங், சர்கிளிப், வி-பெல்ட் ஆகியவை காருக்காகப் பிறந்தவை அல்ல. தறிக்கும் நிட்டிங் மெஷினுக்கும் மோட்டாருக்கும் அவையே. மங்கலத்தில் விசைத்தறி ஸ்பேர் விற்கும் கடைகளிலேயே இவற்றில் பல கிடைக்கும். பேரிங்கின் ஓரத்தில் 6203 என்று இருந்தால் உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12. உலகெங்கும் அதே அளவு. ஆயில் சீலில் 35-52-7 என்று இருந்தால் ஷாஃப்ட், ஹவுசிங், கனம் என்ற வரிசை. இன்ஜினில் சூடு அதிகம் என்பதால் பேரிங்கில் சி3 என்ற குறி உள்ளதை வாங்க வேண்டும்; அது உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்யப்பட்டது. ஃபேன் பெல்ட்டுக்குத் தறி பெல்ட்டை மாட்டுவது வழியில் நின்ற வண்டியை வீடு கொண்டுவர மட்டும் போதும். கார் புல்லி சிறியது. சாதாரண பெல்ட் அதில் மடிந்து மடிந்து சீக்கிரம் வெடித்துவிடும்.

அளவு சரி, பொருள் சரியா

1489 வார்ப்பிரும்பு ஹெட் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல்தான். ஈயம் தந்த மெத்தை இல்லாததால் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ந்து வால்வு உள்வாங்கும். ஹெட் வேலைக்குப் போகும்போதே கடினப்படுத்திய சீட் வளையம் போடச் சொல்வது சிக்கனம்.

இப்போது பம்புகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ஸ்டாக்கில் பெட்டி பிரிக்காமல் கிடைக்கும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கிட், ரப்பர் ஹோஸ் பார்வைக்குப் புதிது. ஆனால் அந்த ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், வெடிக்கும். இந்த மூன்றை மட்டும் பழைய ஸ்டாக்கில் வாங்கவே கூடாது. பெட்ரோல் கசிவு சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுந்தால் வண்டியே மிஞ்சாது. எத்தனால் தாங்கும் ஃப்ளோரோ ரப்பரில் செய்த புதியதே வேண்டும்.

ஹெட் கேஸ்கெட்டை வாங்கியவுடன் ஹெட்டின் மேலும் பிளாக்கின் மேலும் தனித்தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். போல்ட் துளைகள் சேர்ந்தால் மட்டும் போதாது. தண்ணீர்த் துளைகளில் ஒன்று அடைபட்டாலும் அந்தச் சிலிண்டர் சூடேறும். சிலிண்டர் துளையின் ஓரம் உள்ளே நீட்டக் கூடாது.

கிடைக்காததைச் செய்வித்தல்

தெர்மோஸ்டாட் வீடு, வாட்டர் பம்ப் உடல், புல்லி போன்றவை எங்கும் கிடைக்காமல் போகலாம். பம்ப் தொழிலால் வளர்ந்த வார்ப்பகங்கள் கோவையைச் சுற்றி இருப்பது இங்கே பெரும் துணை. உடைந்த பழைய பாகத்தை ஒட்டிச் சேர்த்து, அதைப் பார்த்து மர அச்சுச் செய்து, வார்த்து, லேத்தில் கடைந்து வாங்கலாம். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும் என்பதால் பழைய பாகத்தையே நேரடியாக அச்சாக வைத்தால் புதியது சிறிதாகப் போகும். கடைய வேண்டிய முகங்களில் கூடுதல் கனமும் விட வேண்டும். கிராங்க், கன்ராடு போன்ற உயிர் உறுப்புகளை இப்படிச் செய்விக்கக் கூடாது. அவற்றுக்கு வேண்டிய போர்ஜிங்கும் வெப்பப் பதனமும் வேறு வகை வேலை.

காகிதத்தில் ஏற்றுதல்

பிஸ்டன், கிராங்க், ஹெட் மாற்றினால் ஆர்.சி.-யில் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பிளாக்கை மாற்றினால் இன்ஜின் எண் மாறுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் இத்தகைய மாற்றங்களைப் பற்றியது. பிளாக் வாங்கிய ரசீது, அது கழற்றப்பட்ட வண்டியின் விவரம் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் ஒப்புதலோடு புதிய எண்ணைப் பதிய வேண்டும். ரசீது இல்லாத பிளாக் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விதி வி.ஏ. என்ற தனிப் பதிவு வரிசையை ஏற்படுத்தியது. அதில் சேர, சேசிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஹெரால்டோ, டிலைட்டோ, 1970-களின் தொடக்கத்து அம்பாசடரோ வைத்திருப்பவர் அதில் டீசல் இன்ஜின் ஏற்றினால் அந்த வழி அடைபடும். ஏற்கெனவே டீசல் ஏறிய வண்டியானால், பெட்ரோல் பிளாக்கைத் தேடத் தொடங்குமுன் ஆர்.சி.-யில் எந்த இன்ஜின் எண் நிற்கிறது, எரிபொருள் என்னவென்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.